பத்து எழுத்தும் ஒரு பிடியும்: நோய் எதிர்ப்புப் புரதம் டி.என்.ஏ.வில் அமரும் வாகு

(கடையத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



இந்த ஊர் மேடையில் பாரதியைச் சொல்லித் தொடங்குவது மரபு. 1918 முதல் 1920 வரை அவர் வாழ்ந்த ஊர், அவர் மனைவி செல்லம்மாவின் ஊர். அந்த நினைவுக்கு வணக்கம் செலுத்திவிட்டு, இன்றைய பொருளுக்கு இன்னும் நெருக்கமான ஒருவரிடம் போகிறேன். இங்கிருந்து அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வழியாகத் திருநெல்வேலிக்குப் போகும்போது கோபாலசமுத்திரம் வரும். ஜி. என். ராமச்சந்திரன் என்ற பெயரின் முதலெழுத்தில் இருப்பது அந்த ஊர்தான். 1922இல் எர்ணாகுளத்தில் பிறந்த அவர், முப்பது வயதில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியரானார். 1963இல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து அவர் வெளியிட்ட வரைபடத்தை ஒதுக்கிவிட்டு, உலகின் எந்த மூலையிலும் இன்று ஒரு புரதத்தின் வடிவத்தை யாரும் சரிபார்ப்பதில்லை. புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு சுழற்சிக் கோணங்கள் உண்டு. அவற்றில் எந்தச் சேர்க்கை சாத்தியம், எந்தச் சேர்க்கையில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதும் என்பதைக் கணக்கிட்டுச் சொன்ன படம் அது. நான் இன்று பேசப்போகும் புரத வடிவமும் அந்தச் சோதனையைக் கடந்து வந்ததுதான்.

நான் நிலைநாட்ட விரும்பும் கருத்து ஒன்றே ஒன்று. மரபணுவின் எழுத்துகளைப் படித்து முடித்தால் உயிரணு என்ன செய்யும் என்று தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பாடப்புத்தகங்களும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்லித்தருகின்றன. நோய் எதிர்ப்பைப் பொறுத்தவரை அது போதாது. அந்த எழுத்துகளின் மேல் புரதம் எந்த வாகில் உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் கட்டளையின் பெரும்பகுதி இருக்கிறது. அந்த வாகைத் தீர்மானிப்பதில் டி.என்.ஏ.வுக்கும் பங்கு உண்டு. என்.எஃப்-கப்பா-பி என்ற ஒரு புரதக் குடும்பத்தை வைத்து இதைக் காட்டுகிறேன்.

1. ஒரே ஆண்டு, இரண்டு ஆய்வுக்கூடங்கள்

1986ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் டேவிட் பால்டிமோரின் ஆய்வுக்கூடத்தில் ரஞ்சன் சென் என்ற இந்திய ஆய்வாளர் ஒரு கேள்வியைத் துரத்திக்கொண்டிருந்தார். நம் ரத்தத்தில் எதிர்ப்பொருளை உண்டாக்கும் வெள்ளணுக்கள் இருக்கின்றன. எதிர்ப்பொருளின் ஒரு பகுதியான கப்பா சங்கிலியின் மரபணு அந்த அணுக்களில் மட்டும் விழித்துக்கொள்கிறதே, அதை எழுப்புவது எது? அந்த மரபணுவுக்கு அருகில் உள்ள ஒரு சிறு துண்டு டி.என்.ஏ.வை ஒரு புரதம் பற்றுவதை அவர் கண்டார். அதுதான் என்.எஃப்-கப்பா-பி. அந்தத் துண்டின் எழுத்துகள் பத்து: ஜி-ஜி-ஜி-ஏ-சி-டி-டி-டி-சி-சி. இந்தப் பத்து எழுத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இறுதிவரை வரும்.

அதே ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் செல்லப்பன் நிர்மலா என்ற மாணவி தன் ஆய்வேட்டுக்காகப் பெண்கள் சிலரிடமிருந்து ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். மாதிரிகளைப் பத்திரப்படுத்த வசதி இல்லாததால் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார். பரிசோதனை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. சில மாதிரிகள் நிறம் மாறின. எச்.ஐ.வி. இந்தியாவுக்குள் வந்துவிட்டது என்பதற்கு முதல் சான்று அது. ‘நம் நாட்டில் அதெல்லாம் வராது’ என்று பலரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அந்த இரண்டு பெண்கள் செய்த வேலையை நம் பள்ளிகளில் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் ஆதங்கம்.

ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இந்த இரண்டு கண்டுபிடிப்புகளும் மறு ஆண்டே ஒரு புள்ளியில் சந்தித்தன. எச்.ஐ.வி. வைரஸ் தன் மரபணுத் தொகுதியை நம் டி.என்.ஏ.வுக்குள் செருகிவிடும். பிறகு அதை எழுப்பிவிட யாராவது வேண்டும். அதன் தொடக்கப் பகுதியிலும் அதே பத்து எழுத்து, அதுவும் இரண்டு முறை இருப்பதையும், அங்கே என்.எஃப்-கப்பா-பி அமர்ந்தால் வைரஸ் விழித்துக்கொள்வதையும் 1987இல் கேரி நாபெலும் பால்டிமோரும் காட்டினார்கள். வைரஸை எதிர்க்க நம் உடல் எழுப்பும் அதே புரதத்தை வைரஸ் தன் வேலைக்குப் பிடித்துக்கொள்கிறது.

2. எழுத்தை மட்டும் எண்ணினால்

இந்தப் புரதம் அமரும் இடங்கள் எல்லாம் அச்சுப் பிசகாமல் ஒன்றுபோல் இருப்பதில்லை. பல இடங்களைத் திரட்டிப் பார்த்து ஒரு சூத்திரம் வகுத்தார்கள். முதல் மூன்று எழுத்தும் ஜி. நான்காவது ஏ அல்லது ஜி. ஐந்தாவது எதுவாகவும் இருக்கலாம். ஆறாவது ஏ அல்லது டி. ஏழும் எட்டும் சி அல்லது டி. கடைசி இரண்டும் சி.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நான்கு எழுத்துகளைக் கொண்டு பத்து எழுத்துச் சொற்கள் 10,48,576 உருவாகும். மேற்சொன்ன சூத்திரத்துக்குப் பொருந்துபவை அவற்றில் 64. அதாவது தற்செயலாகவே 16,384 இடத்துக்கு ஓர் இடம் பொருந்திவிடும். மனித மரபணுத் தொகுதியின் நீளம் சுமார் 300 கோடி எழுத்து. ஓர் இழையை மட்டும் பார்த்தாலே ஏறத்தாழ 1,80,000 இடங்கள் தேறும். ஆனால் இந்தப் புரதம் ஆளும் மரபணுக்கள் சில நூறு என்ற அளவில்தான் அறியப்பட்டிருக்கின்றன. எழுத்தைத் தேடும் கணினி இத்தனை இடங்களையும் நமக்குக் காட்டும். அவற்றில் எது உண்மையில் கட்டளை இடம் என்று சொல்ல அதனால் முடியாது.

3. படிகத்தில் தெரிந்த பிடி

ஆகவே வடிவத்தைப் பார்த்தாக வேண்டும். எப்படிப் பார்ப்பது? பாக்டீரியாவுக்குள் அந்தப் புரதத்தைத் தயாரிக்க வைத்து, பிரித்துச் சுத்தம் செய்கிறோம். வேண்டிய எழுத்து வரிசையில் டி.என்.ஏ. துண்டைத் தனியே தயாரிக்கிறோம். இரண்டையும் கலந்து, துளித் துளியாக மூடிய கண்ணாடித் தட்டுகளில் வைத்து, உப்பும் அமிலத்தன்மையும் வெப்பமும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் படிகம் விளைகிறதா என்று காத்திருக்கிறோம். டி.என்.ஏ. துண்டு ஓர் எழுத்து கூடினாலோ குறைந்தாலோ படிகம் வராமல் போகலாம். ஏனென்றால் படிகத்துக்குள் துண்டுகள் நுனியோடு நுனி பொருந்தி அடுக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நுண்ணோக்கியின் கீழே பெரும்பாலான துளிகளில் பழுப்பு நிறக் கசடு மட்டுமே தெரியும். ஏதோ ஒரு துளியில் கூர்மையான விளிம்போடு ஒரு மணி மின்னும். அதன் மேல் எக்ஸ் கதிரைச் செலுத்தினால் கதிர் சிதறி ஆயிரக்கணக்கான புள்ளிகளாக விழுகிறது. அந்தப் புள்ளிகளின் அடர்த்தியிலிருந்து அணுக்கள் இருக்குமிடத்தைக் கணக்கிட்டு எடுக்கிறோம்.

1995 ஜனவரியில் நேச்சர் பத்திரிகையின் ஒரே இதழில் இரண்டு குழுக்கள் இந்த வடிவத்தை வெளியிட்டன. ஹார்வர்டில் ஸ்டீபன் ஹாரிசனுடன் கிறிஸ்டோஃப் முல்லர் குழு ஒன்று. யேலில் பால் சிக்லருடன் கௌரிசங்கர் கோஷ், சங்கர் கோஷ் உள்ளிட்ட குழு மற்றொன்று. இரண்டும் இந்தப் புரதக் குடும்பத்தில் பி50 என்ற உறுப்பினரின் இரட்டை, டி.என்.ஏ.வைப் பற்றியிருக்கும் நிலை. ஹார்வர்ட் குழுவின் படம் 2.6 ஆங்ஸ்ட்ராம் நுட்பத்தில் அமைந்தது. ஒரு மில்லிமீட்டரின் ஏறத்தாழ நாற்பது லட்சத்தில் ஒரு பங்கு அது.

படத்தை நுனியிலிருந்து, அதாவது டி.என்.ஏ.வின் அச்சு வழியாகப் பார்த்தால் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்த தோற்றம். நடுவில் உடலாக டி.என்.ஏ.; இருபுறமும் சிறகுகளாகப் புரதத்தின் இரண்டு பாதிகள். ஒவ்வொரு பாதியிலும் இரண்டு உருண்டைப் பகுதிகள். ஒன்று டி.என்.ஏ.வின் எழுத்துகளை வாசிக்கிறது. மற்றொன்று எதிர்ப்பாதியோடு சேர்ந்து இரட்டையைக் கட்டுவதோடு, டி.என்.ஏ.வின் முதுகெலும்பையும் தொட்டுக்கொண்டிருக்கிறது.

அப்போது எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்த செய்தி இரண்டு. அதுவரை கண்ட டி.என்.ஏ. பற்றும் புரதங்களில் பெரும்பாலானவை ஒரு சுருள் தண்டை டி.என்.ஏ.வின் பெரும் பள்ளத்துக்குள் செருகும். இது அப்படிச் செய்யவில்லை. பீட்டா தகடுகளின் விளிம்பிலிருந்து நீளும் வளைவுகள், பாதிக்கு ஐந்தாக மொத்தம் பத்து, டி.என்.ஏ.வைச் சுற்றி வளைத்துப் பற்றுகின்றன. பத்து எழுத்து என்பது டி.என்.ஏ. முறுக்கின் சுமார் ஒரு முழுச் சுற்று, நீளம் 3.4 நானோமீட்டர். ஆக, புரதம் ஒரு முழுச் சுற்றையும் ஏறக்குறைய விழுங்கிவிடுகிறது. இரண்டாவது செய்தி, அந்த உருண்டைப் பகுதிகளின் மடிப்பு எதிர்ப்பொருளில் காணப்படும் மடிப்புக் குடும்பத்தைச் சேர்ந்தது. எதிர்ப்பொருளின் மரபணுவை எழுப்பும் புரதமே எதிர்ப்பொருளைப் போன்ற மடிப்பில் இருக்கிறது. இதை வைத்து இரண்டுக்கும் வம்சத் தொடர்பு இருக்கிறது என்று அவசரப்பட்டு முடிவுகட்டக் கூடாது. இயற்கை இந்த மடிப்பைப் பல வேலைகளுக்குப் பயன்படுத்துகிறது. ஆனாலும் முதன்முதலாக அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

இன்னும் பக்கத்தில் போவோம். வாசிக்கும் வளைவில் ஆர்ஜினின் அமினோ அமிலங்கள் ஜி எழுத்துகளை இரட்டை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடிக்கின்றன. ஒரு குளுட்டமேட் அந்த ஆர்ஜினின்களை ஆடாமல் நிறுத்துவதோடு எதிர் இழையின் சி-யையும் தொடுகிறது. ஓர் ஓரத்தில் ஹிஸ்டிடின் ஒன்று கடைக்கோடி ஜி-யைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு சிஸ்டீன். அது ஆக்சிஜனேற்றம் அடைந்தால் பிடி தளர்ந்துவிடும். அந்த ஹிஸ்டிடினைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. ஜோடி மாறினால் பேச்சு மாறும்

இந்தக் குடும்பத்தில் ஐந்து பேர். இருவர் இருவராகச் சேர்ந்தால்தான் டி.என்.ஏ.வைப் பற்ற முடியும். கணக்குப்படி பதினைந்து ஜோடிகள் சாத்தியம். உடலில் அதிகம் காணப்படுவது பி50, பி65 என்ற ஜோடி. அதன் வடிவத்தைக் கௌரிசங்கர் கோஷின் குழு 1998இல் வெளியிட்டது. பி65-இல் அந்த ஹிஸ்டிடின் இல்லை. அதே இடத்தில் அலனின் என்ற சிறிய அமினோ அமிலம் இருக்கிறது. அதனால் கடைக்கோடி ஜி-யைத் தொட ஆளில்லை. பி50 ஐந்து எழுத்தை வாசிக்க, பி65 நான்கு எழுத்தோடு நின்றுவிடுகிறது. நாம் மனத்தில் வைத்த பத்து எழுத்தைப் பாருங்கள்: ஜி-ஜி-ஜி-ஏ-சி என்ற ஐந்து பி50-க்கு, டி-டி-சி-சி என்ற நான்கு பி65-க்கு, நடுவில் ஒரு டி மிச்சம். அந்த நடு எழுத்தை யாரும் நேராக வாசிப்பதில்லை. ஆனால் கதையில் அதற்கு முக்கியமான பாத்திரம் உண்டு.

பி65-க்கு வால்பகுதியில் மரபணுவைத் தூண்டும் பகுதி இருக்கிறது. பி50-க்கு அது இல்லை. ஆகவே பி50 இரட்டை அதே இருக்கையில் வந்து உட்கார்ந்தால், தானாகத் தூண்டாது. தூண்டக்கூடிய ஜோடிக்கு இடம் விடாமல் மரபணுவை அமைதியாக்கிவிடவும் கூடும். எழுத்து மாறவில்லை, கட்டளை தலைகீழாகிவிட்டது.

5. டி.என்.ஏ. திருத்தும் புரதம்

இந்தப் பேச்சின் நடுநாயகம் இந்தப் பகுதிதான். 2004இல் தாமஸ் லியங், அலெக்சாண்டர் ஹாஃப்மன், பால்டிமோர் மூவரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இரண்டு மரபணுக்களின் கப்பா-பி இடங்களை, அதாவது இந்தப் புரதம் அமரும் இடங்களை, ஒன்றுக்கொன்று மாற்றிவைத்தார்கள். மரபணு எந்த ஜோடிக்குக் கட்டுப்படும் என்பதும் கூடவே மாறியது. இதில் எதிர்பாராதது என்னவென்றால், எழுத்து மாற்றம் புரதம் ஒட்டுமா ஒட்டாதா என்பதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஒட்டிய புரதம் எந்தத் துணைப் புரதத்தோடு கைகோக்கும் என்பதைத்தான் மாற்றியது. ஒரே ஓர் எழுத்து போதுமாயிருந்தது. டி.என்.ஏ. தன் மேல் அமரும் புரதத்துக்கு ஒரு குறிப்பிட்ட வாகைக் கொடுக்கிறது என்று அவர்கள் ஊகித்தார்கள்.

2012இல் சான் டியாகோவில் கௌரிசங்கர் கோஷின் குழு அந்த நடு எழுத்தையே எடுத்துக்கொண்டது. நடுவில் ஏ-டி இணை இருந்தால் பி65 போன்றவை நன்றாகத் தூண்டுகின்றன. ஜி-சி இணை இருந்தால் தயங்குகின்றன. குடும்பத்தின் இன்னோர் உறுப்பினரான பி52-இன் இரட்டை, பி.சி.எல்.3 என்ற துணைப் புரதத்தோடு சேர்ந்து, ஜி-சி நடுவில் இருக்கும் இடத்தில் மரபணுவைத் தூண்டுகிறது. ஏ-டி நடுவில் இருக்கும் இடத்தில் அதே கூட்டணி மரபணுவை அடக்குகிறது. இரண்டு இடங்களிலும் அது அமரும் வாகு வேறுபடுகிறது. அதனால் வந்து சேரும் துணைப் புரதங்களும் வேறுபடுகின்றன.

எந்த அமினோ அமிலமும் நேராக வாசிக்காத எழுத்து இது. பிறகு எப்படி அதன் சொல் செல்லுபடியாகிறது? அந்த இடத்தில் இரட்டைச் சுருளின் அகலமும் முறுக்கும் நெகிழ்வும் எழுத்துக்கு ஏற்ப மாறும். இருபுறமும் பற்றியிருக்கும் இரண்டு பாதிகளும் அந்த மாற்றத்துக்கு ஏற்பத் திரும்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வரிசையாக எழுதிப் பார்த்தால் நடு எழுத்தின் வேலை கண்ணுக்குத் தெரியாது. முப்பரிமாணத்தில் பார்த்தால்தான் தெரியும். எழுத்து போதாது என்று நான் தொடக்கத்தில் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

6. நம் நாட்டு வைரஸ்

எச்.ஐ.வி.யில் பல வகைகள் உண்டு. மேற்கு நாடுகளில் அதிகம் ஆராயப்பட்டது பி வகை. இந்தியாவில் பெரும்பான்மை சி வகை. பி வகையில் கப்பா-பி இடங்கள் இரண்டு. சி வகையில் பொதுவாக மூன்று. பெங்களூரில் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் உதய்குமார் ரங்காவின் குழு, நான்கு இடங்கள் கொண்ட வைரஸ்கள் இந்தியாவில் பெருகிவருவதை 2012இல் அறிவித்தது. இடம் கூடக்கூட மரபணு எழும் வேகமும் கூடுகிறது என்று அவர்கள் சோதனையில் காட்டினார்கள்.

சி வகைக்கே உரிய மூன்றாவது இடத்தின் எழுத்துகளைப் பாருங்கள்: ஜி-ஜி-ஜி-ஜி-சி-ஜி-டி-டி-சி-சி. நம் பத்து எழுத்திலிருந்து இரண்டு இடத்தில் மாறியிருக்கிறது. ஆறாவது எழுத்து ஏ அல்லது டி-யாக இருக்க வேண்டும் என்று சூத்திரம் சொன்னது, இங்கே ஜி. சூத்திரத்தை மட்டும் நம்பித் தேடும் கணினி இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும். வைரஸ் தாண்டவில்லை. இந்த எழுத்து மாற்றம் தற்செயலாக ஒட்டிக்கொண்டதும் இல்லை. பக்கத்தில் எஸ்.பி.1 என்ற வேறொரு புரதம் அமரும் இடம் சி வகையில் தனித்தன்மை கொண்டது. வழக்கமான பத்து எழுத்தை அதன் அருகில் வைத்தால் இரண்டும் ஒத்துப்போவதில்லை என்று அதே குழு 2016இல் காட்டியது. ஆக, ஓர் இடம் எவ்வளவு வலிமையானது என்பது அதன் சொந்த எழுத்தை மட்டும் பொறுத்ததில்லை. அங்கே அமரும் புரதம் பக்கத்து இருக்கைக்காரரோடு எப்படி இணங்கிப்போகிறது என்பதையும் பொறுத்தது.

மேற்கத்திய ஆய்வுக்கூடங்களில் பி வகையை வைத்து எழுதப்பட்ட பாடத்தை நாம் அப்படியே மனப்பாடம் செய்துகொண்டிருந்தால் இது நம் கண்ணில் பட்டிருக்காது. நம் நோயாளிகளின் வைரஸை நம் ஆய்வுக்கூடங்களில் ஆராய வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதன் காரணம் இதுதான்.

7. மருந்து குறித்துச் சில சொற்கள்

2012இல் கடையநல்லூரிலும் சுற்றுவட்டாரத்திலும் டெங்கு பரவியபோது இந்தப் பகுதி பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும். கடுமையான டெங்குவில் வைரஸ் மட்டும் கேடு செய்வதில்லை. உடல் எழுப்பும் அழற்சி எல்லை மீறி, ரத்தக் குழாய்கள் கசிவதுதான் உயிருக்கு ஆபத்தாகிறது. அழற்சிப் புரதங்கள் பலவற்றின் மரபணுக்களில் கப்பா-பி இடங்கள் இருக்கின்றன.

அப்படியானால் இந்தப் புரதத்தை மொத்தமாக அடக்கிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். அடக்கினால் கிருமியை எதிர்க்கும் வேலையும் சேர்ந்து நின்றுவிடும். உடலே இதற்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. ஓய்வு நேரத்தில் ஐ-கப்பா-பி என்ற புரதம் இதைப் பிடித்து உட்கருவுக்கு வெளியே நிறுத்திவைக்கிறது. ஆபத்து வந்ததும் அது சிதைக்கப்படுகிறது, என்.எஃப்-கப்பா-பி உள்ளே போகிறது. உள்ளே போய் அது எழுப்பும் மரபணுக்களில் ஐ-கப்பா-பி-யின் மரபணுவும் ஒன்று. தன்னை வெளியே இழுத்துவரும் புரதத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. கொரோனா காலத்தில் ஆக்சிஜன் தேவைப்பட்ட நோயாளிகளின் உயிரைக் காத்த டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு வேலை செய்யும் வழிகளில் ஒன்று, இந்தப் புரதத்தின் செயலை மட்டுப்படுத்துவது.

குற்றாலமும் மூலிகையும் பக்கத்தில் இருக்கும் ஊரில் மஞ்சளைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். குர்குமின் இந்தப் புரதத்தை அடக்குவதாகக் குடுவைச் சோதனைகள் பல வந்தன. ஆனால் நாம் சாப்பிடும் குர்குமினில் மிகச் சொற்பமே ரத்தத்தில் சேர்கிறது. மஞ்சளை மரியாதையோடு சமையலில் சேர்த்துக்கொள்ளுங்கள். மருந்துக்குப் பதிலாக நம்பி, மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி வரும் மருந்துகள் புரதத்தை ஒட்டுமொத்தமாக அடைக்காமல், ஒரு குறிப்பிட்ட ஜோடி ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒரு குறிப்பிட்ட துணையோடு கைகோப்பதை மட்டும் தடுக்க வேண்டும். அதற்கு வாகின் அறிவு வேண்டும். எழுத்துப் பட்டியல் உதவாது.

மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். 1971 முதல் இயங்கும் புரதத் தரவு வங்கி எல்லோருக்கும் இலவசம், கைபேசியிலேயே திறக்கும். 1எஸ்.வி.சி. என்ற எண்ணில் பி50 இரட்டையும், 1வி.கே.எக்ஸ். என்ற எண்ணில் பி50-பி65 ஜோடியும் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் திருப்பி, டி.என்.ஏ.வின் அச்சு வழியாகப் பாருங்கள். முதல் படத்தில் கடைக்கோடி ஜி-யைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஹிஸ்டிடினைத் தேடிக் கண்டுபிடியுங்கள். பிறகு இரண்டாவது படத்தில் பி65 இருக்கும் பக்கத்துக்குப் போய், அதே இடத்தில் எவ்வளவு வெற்றிடம் இருக்கிறது என்று அளந்து பாருங்கள்.